ராபினா, ரென்னா, மேவிஸா?

‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்றால் நமக்கு இலக்கணப் புத்தகம். பி.சி. ரென், எச். மார்ட்டின் என்ற இருவர் சேர்ந்து எழுதியது; பத்தாம் வகுப்புக்குள் ஒருமுறையாவது கையில் எடுத்திருப்போம். அதன் அட்டையிலுள்ள பெயர்களில் இரண்டு பறவைகள் உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ரென் என்பது இங்கிலாந்தின் வேலிப் புதர்களில் சுண்டெலி மாதிரி ஓடித் திரியும் ஒரு பொடிக் குருவி. மார்ட்டின் என்பது தகைவிலான் குடும்பத்துப் பறவை. ஆனால் இரண்டும் வந்த வழி வேறு. ரென் முதலில் பறவை. அது பிறகுதான் மனிதரின் குடும்பப் பெயரானது. மார்ட்டின் முதலில் மனிதன். ரோமானியரின் போர்க் கடவுளான மார்ஸ் பெயரிலிருந்து பிறந்து, 4ஆம் நூற்றாண்டுப் புனிதர் ஒருவரால் ஐரோப்பா முழுக்கப் பரவிய பெயர் அது. அந்த மனிதப் பெயரைத்தான் பின்னால் பறவைக்குச் சூட்டியிருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் பொதுவான கணிப்பு.

குழந்தைக்கு ஆங்கிலத்தில் பறவைப் பெயர் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெயருக்குள் பறவை உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை பறவை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதா?

நான் இதையெல்லாம் தோண்டக் காரணம் என் அத்தை மகள். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் இங்கிலாந்தில். மாப்பிள்ளை ஆங்கிலேயர், கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். தலைப்பிள்ளை வரப்போகிறது. ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கள் தோட்டத்துக்கு வரும் ஒரு பறவையின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மதுரையில் இருக்கும் அத்தைக்கு அந்தப் பெயர் வாயில் நுழைய வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. ராபின், ரென், மேவிஸ், ஜே என்று ஒரு பட்டியலை எனக்கு அனுப்பி, “நீயே பாத்துச் சொல்லு” என்று விட்டுவிட்டாள்.

அத்தையிடம் பட்டியலை வாசித்துக் காட்டினேன். “ஏன்டா, மயில், குயில், அன்னம், கிளின்னு எவ்வளவு இருக்கு? அந்த ஊர்க்காரங்களுக்குக் குருவி பேருதான் கெடச்சுதா?” என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் மயிலம்மாள், அன்னக்கிளி, குயிலி என்று அழகுக்கோ குரலுக்கோ பேர்போன பறவையைத்தான் பிள்ளைக்கு வைத்தோம். ஆங்கிலத்தில் மயிலும் அன்னமும் குடும்பப் பெயராக இருக்கின்றன. பிள்ளைக்கு முதற்பெயராக யாரும் வைப்பதில்லை. அங்கே முதற்பெயராக நிலைத்தவை பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் வந்து நிற்கும் சின்னப் பறவைகள்.

ராபினிலிருந்து தொடங்கலாம். பட்டியலில் வயதான பெயர் அதுதான்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது ராபர்ட் என்ற பெயர் அவர்களோடு பெருவாரியாக வந்து இறங்கியது. ஜெர்மானிய வேர், ‘புகழால் ஒளிர்பவன்’ என்று பொருள் கொள்ளலாம். ஊருக்குப் பத்து ராபர்ட் ஆனதும், நாம் ராமசாமியை ராமு ஆக்குவதுபோல, ராப், ஹாப், டாப், ராபின் என்று செல்லப் பெயர்கள் முளைத்தன. 1377 வாக்கில் எழுதப்பட்ட ஒரு நெடுங்கவிதையிலேயே, சோம்பேறிப் பாதிரி ஒருவன் ‘ஜெபம் எனக்குத் தெரியாது, ராபின் ஹூட் பாட்டு தெரியும்’ என்கிறான். அந்தக் காலத்தில் பறவைக்கு ராபின் என்ற பெயர் கிடையாது. அது வெறும் ‘செம்மார்பு’. ஆங்கிலேயருக்கு வீட்டருகே வரும் பறவைகளுக்கு ஆள் பெயர் வைத்துக் கூப்பிடும் பழக்கம் இருந்தது. காக்கை இனத்து ஒன்றுக்கு ஜாக், இன்னொன்றுக்கு மார்கரெட்டின் சுருக்கமான மேக், சிட்டுக்குருவிக்கு பிலிப், ரென்னுக்கு ஜென்னி. செம்மார்புக்கு ராபின் வாய்த்தது. போகப் போகச் செம்மார்பு உதிர்ந்து ராபின் மட்டும் நின்றுவிட்டது.

ஆக, ராபின் என்ற பிள்ளையின் பெயரில் உள்ளது ராபர்ட். பறவைதான் அவனுடைய பெயரை வாங்கிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். “நானூறு, ஐந்நூறு வருஷமாகக் கடன் வாங்கியதைத் திருப்பித் தராவிட்டால் அது சொந்தம்தான்” என்றுவிட்டார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இன்று இங்கிலாந்தில் ராபின் என்றால் மனதில் முதலில் வருவது பறவைதான். 2015இல் நாட்டுப் பறவை எது என்று பொதுமக்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ராபின் பெரிய இடைவெளியில் வென்றது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பனிக்கு நடுவே அது நிற்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. விக்டோரியா காலத் தபால்காரர்கள் சிவப்புக் கோட்டு போட்டிருந்ததால் அவர்களை ராபின் என்று ஜனங்கள் கூப்பிட்டார்கள். தபால்காரருக்குப் பதிலாகப் பறவையே அட்டையைக் கொத்திக்கொண்டு வருவதாக வரைய ஆரம்பித்தார்கள்.

ஆணா பெண்ணா தெரியாதவர்களுக்கு ராபின் இன்னொரு வசதி தருகிறது. பிரிட்டனில் அது வெகுகாலம் ஆண் பெயர். 1997 முதல் 2001 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், பீ ஜீஸ் இசைக்குழுவின் ராபின் கிப் என்று ஆண்களே நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் பெண் குழந்தைகளுக்கு அலையாக வைத்தார்கள். அதே நாட்டில் நடிகர் ராபின் வில்லியம்ஸ் ஆண், ராபின் ரைட் பெண். பறவையும் அப்படியே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே செம்மார்பு. தூரத்திலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் பெண் ராபினும் தனக்கென்று எல்லை பிடித்து, அதைக் காக்கப் பாடும். பாட்டும் எல்லைப் பிரகடனமும் ஆண் பறவைக்கே எழுதிவைத்ததாகப் பலரும் நினைக்கும் உலகத்தில் இது அபூர்வம்.

எல்லை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாழ்த்து அட்டையில் பார்க்கிற சாதுப் பறவை இல்லை அது. டேவிட் லாக் என்ற பறவையியலாளர் டெவன் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ராபின்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். பாடம் செய்த ராபின் ஒன்றை வேறொரு ராபினின் எல்லைக்குள் வைத்தால் அது வந்து கொத்திக் கிழிக்கும். தலை, வால், உடம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் சிவப்பு இறகுக் கற்றையை மட்டும் கம்பியில் கட்டி வைத்தாலும் மிரட்டலுக்கு வரும். அதே பறவை, மனிதன் மண்வெட்டியை எடுத்தால் இரண்டடி தள்ளி வந்து நின்று, புரட்டிய மண்ணில் புழு தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். மனிதனிடம் இவ்வளவு நெருக்கம், தன் இனத்திடம் இவ்வளவு சண்டை! பிள்ளைக்கு வைக்கிற பெயரில் கொஞ்சம் முரட்டுத்தனம் ஒளிந்திருப்பது எனக்குப் பிடிக்கிறது.

அமெரிக்காவில் ராபின் என்று சொல்லும் பறவை வேறு. குடியேறிய ஆங்கிலேயர் சிவந்த மார்பைப் பார்த்து ஊர் ஞாபகத்தில் வைத்த பெயர். உண்மையில் அது பூங்குருவி இனம், அளவிலும் பெரியது. பிள்ளை பெரியவனாகி அமெரிக்கா போனால் இதை விளக்க நேரிடும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பெயர் புதிதில்லை. ராபின் சிங்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். 1963இல் டிரினிடாடில் பிறந்து, பத்தொன்பது வயதில் சென்னைக்குப் படிக்க வந்து, தமிழ்நாடு அணியோடு 1988இல் ரஞ்சிக் கோப்பையை வென்றவர். அவருடைய முழுப்பெயர் ரவீந்திர ராமநாராயண் சிங். ராபின் அந்த ரவீந்திரனின் ஆங்கிலச் செல்லம். எனவே வீட்டில் ஜாதகப் பெயராக ரவீந்திரன், ரவி, ரபீந்திரா என்று ஏதாவது வைக்க நினைக்கிறவர்களுக்கு ராபின் பக்கத்திலேயே கிடைக்கும் துணைப் பெயர். அத்தைக்கும் நாக்கில் சுலபமாக வந்துவிட்டது, அவர் கேட்ட ஒரே கேள்வி “சலவை நீலம் ஒண்ணு வருமே, ராபின் ப்ளூ, அதுவா?”. பேட்மேனுக்குத் துணையாக 1940இல் வந்த ராபினை வைத்துப் பள்ளியில் கேலி செய்வார்கள். எந்தப் பெயருக்குத்தான் கேலி இல்லை?

ரென் இதற்கு நேர் எதிர். இதில் பறவை சந்தேகமில்லாமல் இருக்கிறது, பழைய ஆங்கிலத்திலிருந்தே. ஆனால் பெயராக இதற்கு வயது மிகக் குறைவு. குடும்பப் பெயராகப் பல நூற்றாண்டு இருந்ததுதான்: 1666இல் லண்டன் எரிந்த பிறகு புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய சர் கிறிஸ்டோபர் ரென் இந்தப் பெயர்க்காரர். பிள்ளைக்கு முதற்பெயராக, அதிலும் பெண் குழந்தைக்கு, பரவலாக வைக்கத் தொடங்கியது 2010களில்தான். இயற்கை சார்ந்த ஓரசைப் பெயர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓடத் தொடங்கிய காலம் அது.

பறவையோ அற்புதம். எடை சுமார் 9 கிராம். இப்போதுள்ள ஒரு பவுண்டு நாணயம் 8.75 கிராம், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கூடு வைக்கும் பறவைகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான், ஆனால் கண்ணில் படுவது குறைவு. காதில் விழுந்துகொண்டே இருக்கும். உடம்புக்கும் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது. பருவம் வந்ததும் ஆண் ரென் ஒன்றல்ல, நாலைந்து கூடுகளைக் கட்டி வைக்கும். பாசியும் சருகும் வைத்துப் பந்தாகப் பின்னி, பக்கவாட்டில் ஒரு வாசல் விட்டு, ஒவ்வொன்றாகப் பெண்ணைக் கூட்டிப்போய்க் காட்டும். பெண் உள்ளே நுழைந்து பார்த்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் இறகு மெத்தை போடும். மற்றவை சும்மா கிடக்கும். கடுங்குளிரில் இதே பறவைகள் ஒண்டிக்கொள்ள ஒரே இடத்துக்கு வந்து சேரும். நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரே கூட்டுப்பெட்டியில் 61 ரென்கள் இரவு தங்கியதாகப் பதிவு உண்டு.

இங்கிலாந்தில் இந்தப் பெயரைச் சொன்னால் கிளம்பும் நினைவுகளும் நல்லவையே. 1937 முதல் 1956 வரை அச்சான ஃபார்த்திங் நாணயத்தில், அதாவது கால் பென்னியில், ரென்னின் உருவம் இருந்தது. மிகச் சின்னக் காசுக்கு மிகச் சின்னப் பறவை. 1917இல் கடற்படையில் பெண்கள் பிரிவு தொடங்கியபோது அதன் தலைப்பெழுத்துகளைச் சேர்த்து அந்தப் பெண்களை ‘ரென்கள்’ என்றே அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் மையத்தின் சங்கேத வேட்டைக்காக ‘பாம்ப்’ என்ற இயந்திரங்களை ராப்பகலாக ஓட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ரென்கள்தான். ஒரு பெண் குழந்தைக்கு இதைவிட நல்ல பின்னணி கிடைப்பது கஷ்டம். அயர்லாந்தில் மட்டும் கதை கொஞ்சம் கசக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, அங்கே ரென் நாள். முற்காலத்தில் பையன்கள் ஒரு ரென்னை வேட்டையாடிக் கொன்று, கம்பத்தில் கட்டி, வீடு வீடாகப் பாடிக் காசு வாங்குவார்கள். இப்போது கொண்டாட்டம் மட்டும் இருக்கிறது, பறவை பொம்மை.

அப்படியிருந்தும் எனக்கு ரென்னில் தயக்கம். காரணம் நம் பக்கத்து நாக்கு. எழுத்தில் முன்னால் ஒரு டபிள்யூ நிற்கிறது, அதைச் சொல்லக் கூடாது. இங்கே எந்த கவுன்டரில் எழுதிக் கொடுத்தாலும் ‘வ்ரென்’ என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள். அத்தை போனில் கேட்டதும், “ரென்னா? ரெண்டுன்னா சொன்னே?” என்றார். ஓரசைப் பெயரைக் கூப்பிடுவதற்கு நமக்குப் பழக்கம் இல்லை. மாடியிலிருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட இழுக்க ஓர் உயிரெழுத்து வேண்டும். ‘ராபீ...ன்’ இழுபடும். ‘ரென்’ இழுபடாது. மாப்பிள்ளையின் குடும்பப் பெயரும் ஓரசை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரோ கதவை இரண்டு முறை தட்டியதுபோல் இருக்கிறது. போதாதற்கு ரென் கிச்சன்ஸ் என்று சமையலறை அலமாரி விற்கும் பெரிய நிறுவனம் அங்கே ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கிறது. விளம்பரம் வந்தால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நடுப்பெயராக வைத்தால் இத்தனை தொல்லையும் போய்விடும், பறவையும் இருக்கும்.

ராபின், ரென் இரண்டையும் விட மனமில்லாமல் முதல் பிள்ளைக்கு ஒன்று, அடுத்ததுக்கு ஒன்று என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலேயரின் பழைய நாட்டுப்புற நம்பிக்கையில் ராபினும் ரென்னும் புருஷன் பெண்டாட்டி. கடவுளின் சேவலும் பெட்டையும் என்று அந்த இரண்டையும் சொல்லும் பழம்பாட்டு ஒன்று உண்டு. அவற்றின் கூட்டைக் கலைத்தால் பாவம் என்பார்கள். குழந்தைப் பாடல்களில் ராபினுக்கும் ஜென்னி ரென்னுக்கும் கல்யாணமே நடக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் இந்த ஜோடி வேண்டாம்.

மேவிஸ் எங்கள் வீட்டில் எதிர்பாராத ஓட்டு வாங்கிய பெயர். மாமாவுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த ஆங்கிலோ இந்திய டீச்சர் ஒரு மேவிஸாம். பெயரைக் கேட்டதுமே, “அதையே வைக்கச் சொல்லு” என்றுவிட்டார்.

மேவிஸ் என்பது பாடும் பூங்குருவிக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர். பிரெஞ்சிலிருந்து வந்தது, கவிதையிலும் ஸ்காட்லாந்துப் பேச்சிலும் உயிரோடு இருந்தது. பிள்ளைக்கு வைக்கும் பழக்கத்தைப் பரப்பியது ஒரு நாவல் என்பார்கள். 1895இல் மேரி கொரெல்லி எழுதிய ‘தி சாரோஸ் ஆஃப் சேட்டன்’ அக்காலத்தில் விற்பனையில் சக்கைப்போடு போட்டது; அதில் வரும் நல்லவளான பெண் எழுத்தாளரின் பெயர் மேவிஸ் கிளேர். அதைப் படித்த தலைமுறை பெற்றோரானபோது, 1920களிலும் 30களிலும், பிரிட்டனில் மேவிஸ்கள் நிறைந்தார்கள். பிறகு சரிவு. பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் 1939இல் பிறந்தவர். எழுத்தாளர் மேவிஸ் கேலன்ட் 1922. பெயரைக் கேட்டதும் ஒரு வயது கண்முன் வந்துவிடுகிறது. பிரிட்டனில் அது போதாதென்று, ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ என்ற நெடுந்தொடரில் 1970களிலிருந்து 90கள் வரை எதற்கும் முடிவெடுக்கத் தயங்கும் ஒரு மேவிஸை வாரம் தவறாமல் பார்த்துப் பழகிவிட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சுமை இல்லை. 2012இல் வந்த அனிமேஷன் படத்தில் டிராகுலாவின் மகள் பெயர் மேவிஸ், அவர்களுக்கு அதுதான் தெரியும். பாட்டிகளின் பெயர்கள் இப்போது திரும்பி வந்துகொண்டிருப்பதால் இதுவும் இளமையாகிவிடலாம்.

பறவையைப் பொறுத்தவரை இதில் குறையே சொல்ல முடியாது. ஒரு கல்லைப் பட்டறையாக வைத்துக்கொண்டு, நத்தையை அலகில் கவ்வி, ஓடு உடையும்வரை அதில் அடிக்கும். தோட்டத்தில் ஒரே கல்லைச் சுற்றி நத்தை ஓட்டுத் துண்டுகள் சிதறிக் கிடந்தால் இந்தப் பறவையின் சாப்பாட்டு மேஜை அது என்று அர்த்தம். பாட்டிலும் ஒரு வழக்கம்: ஒரு சங்கதியைப் பிடித்தால் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். சிக்கல் என்னவென்றால், மேவிஸ் என்றால் பறவை என்று இன்றைய ஆங்கிலேயருக்கே பெரும்பாலும் தெரியாது. ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை விளக்க வேண்டியிருக்கும். அவருக்கு அது சந்தோஷமாகவும் இருக்கலாம். பெண் பெயர் மட்டுமே என்பதால், பையன் பிறந்தால் இந்த வாசல் மூடிவிடும்.

ஜேயைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் காதுக்கு அது ஜெய். ஜெயக்குமார், விஜய், ஜெயந்த் எல்லாருக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் பெயர். இங்கிலாந்திலும் ஜேம்ஸ், ஜேசன், இல்லாவிட்டால் ஜே என்ற வெறும் தலைப்பெழுத்து என்றே நினைப்பார்கள். அமெரிக்காவில் இந்தப் பெயர் பரவ முதல் தலைமை நீதிபதி ஜான் ஜேயின் குடும்பப் பெயரும் ஒரு காரணம். பறவையை நினைக்க ஒருவருமில்லை. பறவை அழகுதான், இறக்கையில் நீலக் கோடு. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஓக் விதைகளைப் புதைத்து வைக்கும், எடுக்காமல் விட்டவை மரமாகும். ஆனால் ஆங்கிலப் பழைய வழக்கில் ஜே என்றால் வாயாடி. அமெரிக்கக் கொச்சையில் பட்டிக்காட்டான். சாலையைக் கண்டபடி கடப்பவரை ஜே வாக்கர் என்பது அந்த வழியில் வந்ததுதான். இரண்டு பக்கத் தாத்தா பாட்டிக்கும் பொதுவான பெயர் வேண்டும், பறவை ஒரு சாக்குதான் என்றால் ஜேயைத் தாராளமாக வைக்கலாம். மாப்பிள்ளைக்குப் பறவை சாக்கு இல்லை.

பட்டியலில் இல்லாத ஒரு வகையையும் அவளுக்கு எழுதினேன். பறவை வெளியே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் பெயர்கள். ஜெமிமாவை எபிரேயத்தில் புறா என்று பொருள் கொள்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் எமீமாள். யோபுவின் மூத்த மகள். தேசமெங்கும் அவர்களைப்போல அழகான பெண்கள் இல்லை என்றும், தகப்பன் மகள்களுக்கும் சகோதரர்களோடு சொத்தில் பங்கு கொடுத்தான் என்றும் யோபு 42ஆம் அதிகாரம் சொல்கிறது. கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸால் இப்போது நம் வீடுகளிலும் புழங்கும் பெயர். இங்கிலாந்தில் மட்டும் ஒரு வேடிக்கை: பியாட்ரிக்ஸ் பாட்டர் 1908இல் தன் குழந்தைக் கதையில் வரும் ஒரு வாத்துக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டதால், அங்கே ஜெமிமா என்றால் தலையில் தொப்பி கட்டிய வாத்து. அமெரிக்காவில் நிலைமை வேடிக்கையாக இல்லை. கறுப்பினப் பணிப்பெண்ணின் உருவத்தை வைத்து நூறாண்டுக்கும் மேல் விற்ற அப்ப மாவு பிராண்டின் பெயர் ஆன்ட் ஜெமிமா. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2021இல்தான் பெயரை மாற்றினார்கள். அட்லான்டிக் தாண்டிப் போகும் வாய்ப்புள்ள குடும்பம் இதை யோசிக்க வேண்டும்.

ஆண்களுக்கு அதேபோல மால்கம். கேலிக் மொழியில் ‘புனித கொலும்பாவின் அடியார்’. கொலும்பா என்றால் லத்தீனில் புறா. 563இல் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து அயோனா தீவில் மடம் அமைத்த துறவி அவர். ஸ்காட்லாந்துக்கு இந்தப் பெயரில் நான்கு மன்னர்கள். நமக்கும் ஒரு மால்கம் உண்டு: வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் உயர் பதவி வகித்து, 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசையா. மதிப்பான பெயர். ஆனால் தோட்டத்தில் வந்து நிற்கும் பறவை எங்கே?

இணையத்தில் தேடினால் இன்னும் வண்டி வண்டியாகக் கொட்டும். அவா என்பது பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல் என்று பல பெயர்த் தளங்கள் சத்தியம் செய்கின்றன. பழைய ஜெர்மானியப் பெயர்களிலும் ஏவாளிலும் அதற்கு வேர் தேடுபவர்கள் பக்கமே வலுவாக இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் பெண்களுக்கு வைக்கும் மெர்லின், வல்லூறு வகைப் பறவை ஒன்றின் பெயரும்கூட. ஆனால் மந்திரவாதி மெர்லினின் பெயர் வெல்ஷ் மொழியிலிருந்தும் பறவையின் பெயர் பிரெஞ்சிலிருந்தும் தனித்தனியாக வந்து ஓரிடத்தில் முட்டிக்கொண்டவை. பெரெக்ரினும் ஒரு வல்லூறின் பெயர், மனிதருக்கும் நல்ல பழைய பெயர்தான். இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிப்போன மேஃப்ளவர் கப்பல் 1620 நவம்பரில் அமெரிக்கக் கரையில் நங்கூரமிட்டு நின்றபோது அதில் பிறந்த குழந்தை பெரெக்ரின் ஒயிட். இன்று இங்கிலாந்தில் வைத்தால் பெரிய பண்ணை வீடும் குதிரை லாயமும் எங்கே என்று கேட்பார்கள். கடைசியாக மாப்பிள்ளையே ஸ்விஃப்ட் என்று ஒன்றை எடுத்து வந்தார். உழவாரன் குருவி, அவருக்கு உயிர். மதுரையில் அத்தை வீட்டு வாசலில் வெள்ளை நிறத்தில் ஒன்று நிற்கிறது, மாருதி தயாரிப்பு, என்றதும் கைவிட்டார்.

என் யோசனையை இப்படி எழுதி அனுப்பினேன். பிள்ளை எதுவானாலும் முதற்பெயர் ராபின். பெண்ணாக இருந்தால் ரென் நடுவில் வரட்டும். புருஷன் பெண்டாட்டி கதை ஒரே ஆளுக்குள் பிரச்சினை ஆகாது. எழுத்தில் ‘ஐ’ போட்ட பழைய ராபினே போதும். பெண் என்று காட்ட ‘ஒய்’ போட்டு எழுதும் வழக்கம் அங்கே உண்டு. அப்படி எழுதினால் பறவை பறந்துவிடும், ஆயுசுக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்லும் வேலையும் பிள்ளையின் தலையில் விழும். மாப்பிள்ளைக்குத் தோட்டத்துப் பறவை கிடைத்துவிட்டது, அத்தைக்கு இரண்டு அசையும் ஒரு நெடிலும் கிடைத்துவிட்டன. ரென்தான் முதலில் வேண்டும் என்று அவர்கள் அடம் பிடித்தால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர் கூடவே தேவைப்படும், அதை அத்தை ஏற்கெனவே தயாராக வைத்திருப்பார்.

இங்கிலாந்தில் பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம். பெயர் அன்றே முடிவாக வேண்டும் என்றும் இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இதை மாமாவிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை, மேவிஸை அவர் இன்னும் விடவில்லை.